அருள்நாதனின் கையேடும் சிலுவையம்மாளின் தீர்த்தமும்

"என் கையேட்டுக்கு மேல ஒரு வார்த்தை எவனும் வாயால சொல்லத் தேவையில்ல."

எர்ணாவூரில் படகு இன்ஜின் செய்யும் கம்பெனியில் கையேடு எழுதிவந்த அருள்நாதன் இப்படி அறிவித்தபோது, டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்து மரியாதை செய்தார்கள். டீ ஆறிவிட்டதும் ஒரு காரணம்.

அறுபதுகளில் அது உன்னதமான உத்தியோகம். இன்ஜினியர் சொல்வார்; அருள்நாதன் இங்கிலீஷில் எழுதுவார்; இன்ஜின் வாங்கியவர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டுவார். புகாரே வந்ததில்லை. எழுபதுகளில் ராயபுரத்து மீனவர்கள் விசைப்படகு வாங்கத் தொடங்கியதும், தமிழில் எழுதச் சொன்னார்கள். எழுதினார். 'எரிபொருள் கலத்தில் நீர் புகாது காத்தல் இன்றியமையாதது.' அச்சாகி வந்த அன்று மனைவி ஐரீனுக்கு அதை இருமுறை படித்துக் காட்டினார். அந்த அம்மாள் அப்போது இன்றியமையாத சோற்றை வடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு இன்ஜின்கள் நின்றுபோக ஆரம்பித்தன. எழுதுகிறவனே இனி கரைக்குப் போய் ஓட்டியும் காட்ட வேண்டும் என்று மேனேஜர் உத்தரவிட்டார். ராயபுரத்தில் புது இன்ஜின் வாங்கி நின்றுபோன சிலுவையம்மாளின் படகு இன்றைக்குள் ஓடாவிட்டால் நாளை வேலைக்கு வர வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டார். ஸ்பேனர் பிடித்தறியாத கையோடு, மூன்று பெண்களைப் பெற்ற அந்த மனிதர் பஸ் ஏறினார். வழியில் வேண்டிக்கொண்ட புனிதர்களின் எண்ணிக்கை கையேட்டின் பக்கங்களைத் தாண்டியது.

படகில் தம் புத்தகத்தை விரித்து, வரிவரியாகச் செய்தார். இன்ஜின் இருமக்கூட இல்லை. ஹாண்டில் சுற்றிச் சுற்றி உள்ளங்கை கொப்பளித்தது, வெயில் சாய்ந்தது, நாளைக்கு வீட்டில் என்ன சொல்வதென்று யோசிக்கவும் தொடங்கிவிட்டார். கௌரவம் போனால் போகட்டும் என்று, டேங்கில் என்ன ஊற்றினீர்கள் என்று பக்கத்தில் நின்ற சிலுவையம்மாளைக் கேட்டார். இன்ஜின் வைத்திருப்பவரிடம் அவர் தம் வாழ்நாளில் கேட்ட முதல் கேள்வி அது.

"டீசல்தான் நைனா. அப்பால, புது இன்ஜினாச்சேன்னு சாமியாரு மந்திரிச்ச தீர்த்தம் ஒரு சொம்பு" என்றாள் சிலுவையம்மாள்.

"தண்ணி ஊத்தக் கூடாதுன்னு போட்டிருக்கேனேம்மா."

"தண்ணிய இன்னாத்துக்கு ஊத்தப் போறேன்? நீ எழுதுனத எங்க வூட்டுக்காரரு படிச்சிக் காட்னாரு. அத்தொட்டுதான் தீர்த்தத்தோட நிறுத்திக்கினேன்."

அருள்நாதன் படகிலேயே உட்கார்ந்து அழுதார். பிறகு டேங்கை வடித்துப் புது டீசல் ஊற்றியதும் இன்ஜின் ஓடியது. பெருமை தீர்த்தத்துக்குப் போனது. மகிழ்ந்துபோன மேனேஜர், அருள்நாதனின் மேஜையையும் டைப்ரைட்டரையும் பறித்துக்கொண்டு, அவரைக் கரைக்கே நிரந்தரமாக்கினார்.

மறுநாள் காலை அருள்நாதன் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அடுத்த படகில் ஏறினார்.

"தீர்த்தத்த மேல தெளிச்சிக்கோம்மா" என்றார் அங்கே சொம்போடு நின்ற படகுக்காரப் பெண்ணிடம், மெதுவாக. "உள்ளாற ஊத்திடாத."

அலைச் சத்தத்தில் அந்தப் பெண்ணுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னார்.