கண்ணாடி உத்தரத்துக்கு ஒரு கையெழுத்து

கண்ணாடி உத்தரம் கனம் தாங்குமா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் பிழைப்பு. கட்டடத்துக்குச் சான்று கொடுத்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்கள் படிக்கலாம். ஆறுதலாக இருக்கும்.

மூட்டை

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், ராயபுரத்தில் காதர் பாய் கல்யாண மண்டபம் கட்டினார். வாசல் முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை. அதைத் தாங்க ஐந்து கண்ணாடி உத்தரங்கள். உபரியாக வந்த ஆறாவதைச் சோதனைக்கு எடுத்துத் திருவொற்றியூர் பட்டறையில் இரண்டு முட்டுகள்மேல் வைத்தேன். அதிலிருந்து ஒரு பலகையைத் தொங்கவிட்டு, மணல் மூட்டை ஏற்றத் துறைமுகச் சுமைக்காரர்களைக் கூப்பிட்டேன். அவர்கள் வழக்கப்படி தோளிலிருந்தே தொப்பென்று போட்டார்கள். மெதுவாக இறக்கச் சொன்னேன். அவர்கள் மேஸ்திரி முனுசாமி முறைத்தார்.

"இன்னா சார், மூட்டைய இறக்கணுமா, தூங்கவெக்கணுமா?"

சுத்தியல்

மூன்று கண்ணாடிகளை ஒட்டி, அடி விளிம்பில் எஃகுப் பட்டை பதித்த உத்தரம் அது. கண்ணாடி விரிசல் விட்டாலும் பட்டை பிடித்துக்கொள்ளும். கீழே நிற்பவர்கள் விலக நேரம் கிடைக்கும். வாயால் சொன்னால் யார் நம்புகிறார்கள்? மூட்டைகள் தொங்கும்போதே சுத்தியலால் அடித்தேன். விரிசல் குறுக்கே ஓடியது. உத்தரம் கொஞ்சம் தொய்ந்தது, விழவில்லை. சோதனையைப் பார்க்க வந்திருந்த பாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"உடைஞ்சாலும் நிக்கும்னு சொன்னா நான் நம்ப மாட்டேனா சார்?"

ரப்பர்

மண்டபத்தில் ஐந்து உத்தரங்களையும் பொருத்தியவர் விம்கோ நகர் பாஸ்கர். இருபது வருஷம் இரும்பு ஜன்னல் போட்டவர். கண்ணாடி முனை உட்காரும் இடத்தில் ரப்பர் வைக்க வேண்டும். வெயிலில் கண்ணாடி நீளும்; நகர இடமில்லாவிட்டால் முனையில் வெடிக்கும். அங்கே எஃகுப் பட்டையும் உதவாது. பாஸ்கர் ரப்பரை எறிந்துவிட்டுச் சிமெண்ட் பூசியிருந்தார்.

"அது லாரில ஒடையாம இருக்க வெச்சதுன்னு நெனச்சேன் சார்."

எட்டு நாள்

அந்த மண்டபத்தில் முதல் விசேஷமே பாயின் மகள் நிக்காஹ். எட்டு நாள்தான் இருந்தது. கையெழுத்துப் போட முடியாது என்றேன். பாய் கெஞ்சவில்லை, பாஸ்கரைப் பார்த்தார். ஐந்தையும் தூக்கி, சிமெண்டைக் கொத்தி, ரப்பர் வைத்தார்கள். கடைசி உத்தரத்தின் முனையில் நகக்கண் அளவு சில்லு பெயர்ந்துவிட்டது. மாற்று கிடையாது. அதை நான்தான் உடைத்திருந்தேனே. அந்த உத்தரத்தையும் அதன்மேல் இருந்த கூரைக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு அந்த இடத்தில் ஷாமியானா கட்டச் சொன்னேன். மற்ற நான்குக்கும் கையெழுத்துப் போட்டேன்.

"சம்பந்தி கேட்டா, காத்தோட்டத்துக்கு விட்டதுன்னு சொல்லிக்கறேன்."

பிரியாணி

நிக்காஹ் அன்று போனேன். வந்தவர்கள் எல்லாரும் துணிக்குக் கீழே நெருக்கியடித்து நின்றார்கள். கண்ணாடிக்குக் கீழே ஈ, காக்கை இல்லை. பாய் என் கையைப் பிடித்து, கண்ணாடிக்குச் சான்று கொடுத்தவர் இவர்தான் என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிக் கூட்டிப்போய், நடு உத்தரத்துக்கு நேர் கீழே ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். தட்டு வந்தது. பாதி சாப்பிடுவதற்குள் முற்றம் நிறைந்துவிட்டது. கை கழுவலாமென்று எழுந்தேன். பாய் தோளை அழுத்தினார்.

"பொண்ணு உள்ள போறவரைக்கும் உக்காருங்க சார்."

என் கையெழுத்தை அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை, ஆளைத்தான் கேட்டார்கள்.