ஐஸ் பெட்டிக்கு என் வீட்டு நம்பர்

2004-ஆம் ஆண்டு வாக்கில் மதுரையில் நடந்தது இது. நான் அப்போது ஊருக்கு வெளியே ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசர். பெரும்பாலும் இரவு ஷிப்ட். காலையில் செல்லூர் வீட்டுக்கு வந்து குளித்து, இரண்டு இட்லியை வாயில் போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் ஒன்றும் செய்யாது, அது பழகிவிட்டது. என் தூக்கத்துக்கு எமனாக வந்தது டெலிபோன்தான்.

"ஐஸ் பெட்டி கிடைக்குமா?" என்று கேட்பார்கள். இறந்தவர் உடலை வைக்கும் பெட்டி. முதல் தடவை எனக்கு வெலவெலத்துப் போய்விட்டது. போகப் போக எரிச்சல்தான். ராங் நம்பர் என்று வைத்துவிடுவேன். எல்லா அழைப்பும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டுத் தூங்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பேரையூரில் அண்ணன் வீட்டில் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். எந்த நேரம் என்ன சேதி வருமோ என்று பயம். அதனால் மணி அடிக்கும்போதெல்லாம் பதறி எழுந்து ஓடி, யாரோ வீட்டுச் சாவைக் கேட்டுவிட்டுத் திரும்ப வந்து படுப்பேன். என் மனைவி அந்த போன் பக்கமே வரமாட்டாள். இழவுச் சேதி கேட்கிற போனை நான் ஏன் தொடவேண்டும் என்பாள்.

சித்திரை மாதத்தில் ஒரு காலை, அமெரிக்காவிலிருந்து ஒரு பெண் பேசினார். ராங் நம்பர் என்று வைத்தேன். மறுபடியும் அவரே. மறுபடியும் வைத்தேன். அடுத்த தடவை நான் கத்துவதற்கு வாயைத் திறக்குமுன் அவர் முந்திக்கொண்டார்.

"வச்சிராதீங்கண்ணே. நெட்டுல இந்த ஒரு நம்பர்தான் இருக்கு."

கீழக்குயில்குடியில் தனியாக இருந்த அவருடைய அம்மா விடியற்காலையில் இறந்துவிட்டாராம். வெயில் கொளுத்துகிறது, சாயங்காலமே எடுத்துவிடலாம் என்கிறார்களாம் சொந்தக்காரர்கள். ஐஸ் பெட்டியெல்லாம் அப்போது கிராமத்துப் பக்கம் புதுசு, எங்கே கேட்பது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. பொழுது சாய்வதற்குள் பெட்டி வந்தால் காத்திருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் விமானம் பிடித்து வந்து சேர இரண்டு நாளாகும். பெட்டி வராவிட்டால் பெற்ற தாயின் முகத்தைப் பார்க்கமுடியாது.

எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். தூக்கம் அப்படியேதான் இருந்தது. ஆனால் பேரையூரில் கிடக்கும் அப்பா நினைவுக்கு வந்துவிட்டார். தரையில் உட்கார்ந்துகொண்டு, "அதுல அட்ரஸ் எதுவும் போட்ருக்காம்மா?" என்று கேட்டேன்.

அழுதுகொண்டே அந்தப் பக்கத்தில் இருந்ததையெல்லாம் சொன்னார். நல்வரவு என்று குறுக்கே ஓடுகிற எழுத்து. கோபுரத்தின் படம். சுற்றிக்கொண்டிருக்கும் பூமி உருண்டை. இதுவரை எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்ற கணக்கு. உங்கள் திருப்தியே எங்கள் லட்சியம். போதாக்குறைக்கு ஒரு இசை வேறு ஓடுகிறது, நிறுத்தத் தெரியவில்லை என்றார். போனில் எனக்கும் அது கேட்டது. கல்யாண வீட்டு மேளம் மாதிரி இருந்தது. இத்தனையும் வைத்தவர்கள் முகவரியை மட்டும் வைக்கவில்லை.

அம்மா வீட்டுக்கு வழியும் பக்கத்து வீட்டு நம்பரும் வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடச் சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்தேன். பெரியாஸ்பத்திரி வாசலில் நிற்கும் ஆம்புலன்ஸ் டிரைவர்களிடம் விசாரித்தேன். ஒருவர் கை காட்டிய சந்தில், பெயர்ப் பலகைகூட இல்லாத ஒரு ஷெட்டில் பெட்டிகள் இருந்தன.

"தெருக்காரங்க போர்டு மாட்ட விடமாட்டேங்கிறாங்கண்ணே. காலங்காத்தால இதுலயா முழிக்கிறதுன்னு சண்டை. அட்ரஸும் எங்கயும் போடக்கூடாதாம். அதான் யாரோ சொன்னாகன்னு வெப்சைட்டு போட்டேன். இம்புட்டு நாளா ஒரு போன் வரல" என்றார் பெட்டிக்காரர். அவரிடம் கம்ப்யூட்டர் கிடையாது. செய்துகொடுத்தவர் திரையில் காட்டியபோது ஒருமுறை பார்த்ததோடு சரி. உங்களுக்கு எப்படி வரும், எல்லாம் எனக்கல்லவா வருகிறது என்றேன். மனிதர் தலையில் கைவைத்துக்கொண்டார். பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. மதியத்துக்குள் பெட்டியை வண்டியில் ஏற்றி அனுப்பினோம். வீட்டுக்கு வந்து, அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டபோது சேதியைச் சொன்னேன். அன்று இரவு மில்லில் நின்றபடியே தூங்கினேன்.

அந்தப் பெண் ஊர் வந்து சேர்ந்ததும் கூப்பிட்டார். "அம்மா மொகத்தப் பாத்துட்டேண்ணே." அவ்வளவுதான்.

பெட்டிக்காரர் நம்பரை போனுக்கு மேலே சுவரில் எழுதி வைத்தேன். நடந்ததையெல்லாம் கேட்டபிறகு என் மனைவி மாறிவிட்டாள். நீங்க தூங்குங்க என்று சொல்லிவிட்டு அவளே போனை எடுத்துப் பேச ஆரம்பித்தாள்.

வெப்சைட் செய்தவரோ, இன்று மாற்றுகிறேன், நாளை மாற்றுகிறேன் என்று பெட்டிக்காரரை இழுத்தடித்துக்கொண்டே இருந்தார். பொறுத்துப் பார்த்துவிட்டு நானே அவருடைய ஆபீசுக்குப் போனேன். ஒரு மாடி அறை. ஆளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கண்ணெல்லாம் சிவந்து, என்னைவிடத் தூக்கம் கெட்டவராகத் தெரிந்தார். "கஸ்டமர் அப்ப நம்பர் தரலண்ணே. இடம் காலியாக் கிடந்தா நல்லாருக்காதேன்னு சும்மா ஒண்ணை அடிச்சு வச்சேன். அப்புறம் மறந்துபோச்சு" என்றார்.

சண்டை போடத்தான் போயிருந்தேன். போட உடம்பில் தெம்பு இல்லை. அந்த நம்பருக்கு ஒருமுறையாவது போன் போட்டுப் பார்த்தாயா என்று கேட்டேன். இல்லை என்றார். இப்போது போடு என்றேன்.

ஸ்பீக்கரில் போட்டார். என் வீட்டு போன் அடித்தது. என் மனைவி எடுத்து, ஹலோ என்றாள். அவருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. என்னைப் பார்த்தார்.

"பேச முடியலையாப்பா? பரவால்ல, அழுதுட்டு மெதுவாச் சொல்லு. நான் வைக்கமாட்டேன்" என்றாள் என் மனைவி. கொஞ்சம் பொறுத்து, "அம்மாவா, அப்பாவா?" என்று கேட்டாள்.

அவர் சட்டென்று லைனை வெட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நெட் இணைப்பு விட்டுவிட்டு வந்தது. ஆனாலும் எழுந்திருக்காமல் நம்பரை மாற்றினார். அந்த இசையையும் எடுத்தார். பிறகு, நான் சொல்லாமலே, புது நம்பருக்கு போன் போட்டுப் பெட்டிக்காரர் குரலைக் கேட்டபின்தான் ரிசீவரை வைத்தார்.

வெப்சைட்டும் ஆப்பும் செய்கிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்வேன். கலரும் படமும் உங்கள் விருப்பம், அதில் எனக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் செய்யும் பக்கத்தைக் கண்ணீரோடு ஒருவர் பார்க்கக்கூடும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதில் போடும் நம்பருக்கு நீங்களே ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள்.

அதன்பிறகு பகலில் நிம்மதியாகத் தூங்கினேன், பின்னர் வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனால் எத்தனை அசதியில் படுத்திருந்தாலும், ராங் நம்பர் என்று சொல்லி போனை வைக்க இன்றுவரை எனக்குக் கை வருவதில்லை.