மிட்டாதார் மலையேற்றிய படகு

சென்ற மாதம் என் தங்கை மகன் என்னைக் கொல்லிமலையில் உள்ள வாசலூர்பட்டிப் படகுத்துறைக்கு இழுத்துக்கொண்டு போனான். ஆரஞ்சு நிறத்தில் பஞ்சுமூட்டை மாதிரி ஒரு சட்டையை என்மேல் மாட்டி, காலால் மிதிக்கிற படகு ஒன்றில் உட்காரவைத்தார்கள். நானும் மூச்சு வாங்க வாங்க மிதித்தேன். சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஏறின இடத்திலேயே இறங்கினேன். இதற்கு டிக்கெட் வேறு. வீட்டில் தையல் மெஷினை மிதித்திருந்தால் ஒரு தலையணை உறையாவது மிஞ்சியிருக்கும்.

கரையில் ஒரு பழைய படகைக் கவிழ்த்துப் போட்டுக் கீல் பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த மலையில மொதமொதல்ல படகு விட்டது யாரு தெரியுங்களா?" என்று டிக்கெட் கிழிக்கிறவரைக் கேட்டேன். "கவர்மெண்டுங்க" என்றார். கவர்மெண்டாம்! எங்கள் மிட்டாதார் காதில் விழுந்திருந்தால் சுடுகாட்டிலிருந்து எழுந்து வந்து சண்டைக்கு நின்றிருப்பார்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். எனக்கு மீசை அரும்புகிற வயது. எட்டாவது தேறிய மிதப்பில், மலைக்குக் கீழே இருந்த கீழ்நாட்டு மிட்டாதார் ஒருவரின் மலைத் தோட்டத்தில் ரைட்டராகச் சேர்ந்திருந்தேன். மிளகும் காபிக்கொட்டையும் மூட்டையாக இறங்குவதை நின்று பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான் உத்தியோகம். ஆனால் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு நடந்தால் மலையே எனக்கு வழி விடுகிறது என்று நினைப்பு. ஆட்கள் ஒதுங்கியது எனக்குப் பின்னால் வந்த மாட்டுக்கு என்பது பிறகுதான் தெரிந்தது.

மிட்டாதார் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. சர்க்காருக்குப் போக வேண்டிய வரியை ஊரிடம் வாங்கி, நடுவில் தன் தொப்பையையும் வளர்த்துக்கொள்கிற பெரிய மனிதர். எங்கள் ஆளுக்கு அதோடு இன்னொரு வியாதியும் இருந்தது. துரை செய்வதையெல்லாம் தானும் செய்தாக வேண்டும். துரை புகைக்குழாய் பிடித்தால் இவரும் பிடிப்பார், கண்ணில் நீர் வர இருமிக்கொண்டே. துரை நாய் வளர்த்தால் இவரும் வளர்ப்பார். அந்த நாய்க்கு இவரைக் கண்டாலே ஆகாது. அதற்காவது புத்தி இருந்தது.

ஏற்காட்டு ஏரியில் ஒரு துரை தொப்பி போட்டுக்கொண்டு, எதிரில் துரைசாணியை உட்காரவைத்துப் படகு விட்டதை ஒருநாள் பார்த்துவிட்டார். இவர் கரையில் குடையோடு நின்றுகொண்டிருந்தார். துரை 'வா' என்று கூப்பிடவுமில்லை, 'போ' என்று விரட்டவுமில்லை. அங்கே ஒரு ஆள் நிற்பதாகவே அவன் காட்டிக்கொள்ளவில்லை. அதுதான் சுட்டுவிட்டது. பிறகு அந்தத் துரை சீமைக்கு மூட்டை கட்டியபோது, ஓடி ஓடிப் போய் அந்தப் படகையே வாங்கிவந்தார். பச்சை வர்ணம் உரிந்து, அடியில் கசிந்துகொண்டிருந்த கட்டை அது. துரை உட்கார்ந்த பலகையில் தானும் உட்கார்ந்தால் தன் உடம்பும் வெளுத்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

விடுவது எங்கே? கீழே ஏதாவது ஏரியில் விடலாம் அல்லவா? விடமாட்டாரே! துரை மலையில் அல்லவா விட்டான்! கொல்லிமலையில் அவர் மிட்டாவைச் சேர்ந்த குளம் ஒன்று இருந்தது. குளம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நாலு துடுப்புப் போட்டால் அந்தக் கரை முட்டும். அதன் தென்கோடியில் ஒரு மதகு. மதகுக்குக் கீழே படிப்படியாக மலைக்காரர்களின் நெல்வயல்கள். வானம் பொய்த்தால் அந்த மதகைத் திறந்துதான் பயிரைக் காப்பாற்ற வேண்டும்.

படகு லாரியில் மலையடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் வந்துவிட்டது. இன்றைக்குக் கொண்டை ஊசி வளைவில் தலைசுற்றி வாந்தி எடுக்கிறீர்களே, அந்த ரோடு அன்றைக்கு ஏது? ஒற்றையடிப் பாதைதான். மூட்டை தலையில் போகும். மிட்டாதார் மாதிரி மூட்டைகள் டோலியில் போகும். படகைத் தூக்க மலையிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி நீட்டமாகக் கிடந்ததைப் பார்த்ததும் அத்தனை பேரும் பின்வாங்கினார்கள். அவர்கள் ஊர்க்கவுண்டர் முன்னால் வந்து, "ஏனுங்க, இது பாடையாட்டமல்லங்க இருக்குது? கீழிருந்து மலைக்குப் பாடை ஏத்தறது எங்க வழமையில இல்லீங்க" என்றார். கீழே போன இடத்தில் ஒருவன் செத்தால்கூட அவனைக் கீழேயே புதைத்துவிட்டுத்தான் திரும்புவார்கள். அப்படிப்பட்ட கட்டு.

கூலியைக் கூட்டித் தருகிறேன் என்று மிட்டாதார் பேசிப் பார்த்திருக்கலாம். அது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. சட்டென்று கண்ணை மூடிக் கையைக் கூப்பினார். "கவுண்டரே, இது எனக்கில்லீங்க. அம்மனுக்குத் தெப்பம் விடறதா வேண்டுதல்!" என்று ஒரு போடு போட்டார். உடனே ஓர் ஆட்டுக்குட்டி வந்தது, மஞ்சள் துணி வந்தது. படகின் மூக்கில் ரத்தம் தெளித்து, துணி கட்டி, குலவை போட்டார்கள். அவ்வளவுதான், பாடை தெப்பமாகிவிட்டது. சாமிச் சுமைக்குக் கூலி வாங்கினால் குடும்பத்துக்கு ஆகாது என்று அத்தனை பேரும் சும்மாவே தோள் கொடுத்தார்கள். தோள் தோலெல்லாம் உரிந்தது. டோலியில் சாய்ந்திருந்த மிட்டாதார் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "பாத்தியா ரைட்டர், புத்தி!" நானும் அன்றைக்கு வாயைப் பிளந்துகொண்டு அவரை மெச்சினேன். இரண்டு முட்டாள்கள் மலையேறினோம்.

சாமிக்கு விட்ட காளையைப் பார்த்திருக்கிறீர்களா? அதைக் கட்டக் கூடாது, ஏரில் பூட்டக் கூடாது, எந்த வயலில் வாய் வைத்தாலும் கோலெடுக்கக் கூடாது. அது போகிற போக்கு சாமியின் போக்கு. படகுக்கும் அதே சட்டம் என்று மலைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கரையில் முளையடித்துக் கட்டிய கயிற்றை ஊர்க்கவுண்டர் மரியாதையாக அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டார்.

முதல் நாள் உல்லாசத்தை நான் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன். அரைக்கால் சட்டை, தொப்பி, புகைக்குழாய், கூடையில் கோழிவறுவல், அதற்கடியில் பிராந்தி புட்டி. இத்தனை சம்பிரமத்தோடு மிட்டாதார் கரைக்கு வந்தார். அங்கே ஊரே கைகட்டி நின்றது. "செருப்போட ஏறலாமுங்களா சாமி? தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டீங்களா? கவிச்சி தின்னுருந்தா இன்னைக்கு வேண்டாமுங்க" என்று ஊர்க்கவுண்டர் வெகு பணிவாகக் கேட்டார். மிட்டாதார் என்ன சொல்வார்? கூலி கொடுக்க மனமில்லாமல் அம்மன் பெயரில் பொய் சொன்னேன் என்றா? சொல்லியிருந்தால் ஒரு மிளகுக்கொத்தைப் பறிக்கக்கூட யாரும் அவர் தோட்டத்தில் கால் வைத்திருக்க மாட்டார்கள்.

ஆக, என்ன நடந்தது கேளுங்கள். குளிரில் முழுக்குப் போட்டு, ஈரவேட்டியோடு, நெற்றி நிறைய விபூதியோடு, வெறும் மார்போடு பல் கிட்டிக்க உட்கார்ந்தார் எங்கள் கொல்லிமலைத் துரை. மலைக்காரர்கள் யாரும் துடுப்பைத் தொடத் துணியாததால் தள்ளுகிற வேலை எனக்கு, எனக்கும் ஈரவேட்டிதான். வலமாக மட்டும்தான் சுற்ற வேண்டும். கரையிலிருந்து பெண்கள் குலவை போட்டார்கள். கோழிவறுவலை நாய் தின்றது. அன்றைக்கு உல்லாசமாக இருந்த ஒரே ஜீவன் அதுதான். அது ஆடி மாதம். அதற்கு மேல் எத்தனை முறை வந்தாலும் இதே கூத்துதான். ஆனாலும் படகு வைத்திருப்பதாகச் சேலத்தில் சொல்லிக்கொள்ளலாமே, அதற்காக நடுங்கிக்கொண்டே சுற்றினார்.

இதுவரைக்கும் சிரித்துவிட்டேன். இனிமேல் வயிற்றெரிச்சல். புரட்டாசியில் மழை நின்றுபோனது. படகு தரை தட்டக் கூடாது என்று மிட்டாதார் மதகைத் திறக்கவிடாமல் பூட்டுப் போட்டுவிட்டார். மதகுக்கு நேர் கீழே வெள்ளையன் என்பவனின் வயல். என் வயதுக்காரன், பக்கத்து நாட்டில், அதாவது மலையிலேயே அடுத்த ஊர்த்தொகுதியில், ஒரு பெண்ணைப் பேசி முடித்திருந்தான். தை பிறந்ததும் பரியமாகப் பெண் வீட்டுக்கு நெல் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிடுவதாக அவள் அப்பன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். வெள்ளையன் என் அறை வாசலில் வந்து நின்றான். "பயிரு தொண்டக்கதுரா நிக்குதுங்க, கதுரு இன்னும் வெளிய வரலீங்க. இப்பத் தண்ணி இல்லீன்னா பதராப் போயிருமுங்க. அந்தப் புள்ளயும் போயிருமுங்க" என்று அழுதான்.

நான் போய் மிட்டாதாரிடம் சொன்னேன். "நெல்லு செத்தா அடுத்த வருசம் நட்டுக்கறான். தீவாளிக்கு என் மச்சான் மலைக்கு வர்றது அடுத்த வருசம் நடக்குமா?" என்றார். பெண்ணைப் பற்றிச் சொன்னேன். "வேற புள்ளயா கெடைக்காது?" என்றார்.

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எடுத்தது. வடக்கிலிருந்து வீசும் காற்று, மதகோ தெற்கே. கட்டில்லாத படகு போய் மதகில் முட்டிக்கொண்டு நின்றது. அதை வடகரைக்கு இழுக்கும்படி மிட்டாதார் என்னிடம் சொன்னார். விடிந்து பார்த்தால் மறுபடி மதகடியில். மறுபடி இழுத்தேன், மறுபடி அங்கேயே. மஞ்சள் துணி கட்டிய மூக்கு மதகுப் பலகையில் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. ஊர்க்கவுண்டர் ஊரைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் முகத்தில் தந்திரம் கிந்திரம் எதுவுமில்லை. பயம்தான் இருந்தது.

"அம்மா மதவத் தட்டறாளுங்க. தொறக்கோணுமுங்க."

"யோவ், அது காத்துய்யா!" என்று கத்தினார் மிட்டாதார்.

"காத்து மட்டும் யாருதுங்க?" என்றார் ஊர்க்கவுண்டர்.

அம்மனுக்கு என்று சொன்னவரே மிட்டாதார்தானே! மடியிலிருந்த சாவி கைமாறியது. பலகையைத் தூக்கியதும் தண்ணீர் போன வேகத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளையன் வாய்க்காலோடு கூடவே ஓடினான். நானும் காதுப் பென்சில் விழுந்தது தெரியாமல் அவன் பின்னால் ஓடினேன். என் உத்தியோக காலத்தில் நான் சந்தோஷமாக ஓடியது அன்றைக்கு மட்டும்தான்.

தீபாவளிக்கு மச்சான் டோலியில் வந்து இறங்கியபோது படகு சேற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. உள்ளே ஒரு தவளை. "ஏன் மாப்ளே, இதைக் காட்டவா என்னைத் தூக்கியாந்தீங்க?" என்றார் மச்சான். அதோடு மிட்டாதார் மலைக்கு வருவதையே விட்டுவிட்டார். வெள்ளையன் தையில் நெல் அளந்தான், பெண் வந்தாள். சாமிப் பொருள் என்று படகை யாரும் தொடவில்லை. கரையான் மட்டும் பயப்படாமல் தின்று தீர்த்தது. பிறகு மிட்டா போனது, மிட்டாதார் போனார், குளமும் தூர்ந்து மேடாகிவிட்டது.

வாசலூர்பட்டியிலிருந்து திரும்பும்போது அந்தப் பக்கம் வண்டியை விடச் சொன்னேன். வெள்ளையன் வயல் இருந்த இடத்தில் யாரோ கீழ்நாட்டு முதலாளியின் பங்களா. முன்னால் நீலக்கல் பதித்த நீச்சல்குளம், போர் போட்டு நிரப்பியது. பேச்சுக் கொடுத்துப் பார்த்தால், கேட்டில் நின்ற காவல்காரன் வெள்ளையனின் மகன். அவனுக்கே தலை நரைத்திருந்தது. முதலாளி வருஷத்துக்கு ஒருமுறை வந்து குளிப்பாராம். சுவருக்கு அந்தப்புறம் இவன் தம்பியின் மரவள்ளி வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. "இந்தத் தண்ணியக் கொஞ்சம் தொறந்துவிட்டா அது பொழைக்குமேப்பா, கேட்டுப் பாக்கலியா?" என்றேன்.

"கேட்டேனுங்க. எங்கப்பன் அந்தப் படகு கதைய நெறையாச் சொல்லியிருக்குதுங்க. ஆனா இந்த மொதலாளி சாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்றதில்லீங்க. 'இது எனக்கு'ன்னு நேராவே சொல்லிப்போடறாரு. அப்பறம் என்னத்தப் போய்க் கேக்கறதுங்க?"