குணேஸ்வரி அக்காவின் புதுப் பானை

குணேஸ்வரி அக்கா ஒரு பானை வாங்குவதற்கு வைகாசி மாதம் முழுவதையும் எடுத்துக்கொண்டார். நானும் கூடவே போனேன். பை தூக்க.

மொன்றியலின் பார்க் எக்ஸில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னறையில் குடியிருந்தேன். சென்னையிலிருந்து படிக்க வந்தவன், வாய் திறக்கக் கூச்சம். அக்காவுக்கு அது வசதிதான். இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். முதல் நாள் நான் "ஆன்ட்டி" என்றபோது, "அன்ரி எண்டால் எனக்கு வயசு போட்டுது எண்டு அர்த்தம், அக்கா எண்டு சொல்லு" என்றார். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் அக்காவும் நானும் நான்கைந்து பைகளும் ஒரு குடும்பம்.

அவர் கடைக்குள் நுழைவதைப் பார்க்க வேண்டும். சின்ன உருவம், பெரிய கோட்டு. தமிழ்க் கடையில் நேராக வெண்டைக்காய்ப் பெட்டிக்குப் போவார். ஒவ்வொன்றின் நுனியையும் கட்டை விரலால் அழுத்துவார். டிக். டிக். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் சிவநேசம் அந்தச் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்காமலே சொல்வார்.

"அக்கா, முறிச்சதெல்லாத்தையும் நீங்கள்தான் எடுக்கோணும்."

"முறிஞ்சதைத்தானே எடுக்கிறன். முறியாதது உன்ரை. நீயே வைச்சிரு."

பிரெஞ்சுக்காரர்களின் பெரிய கடையிலும் இதேதான். அங்கே காய்கறி அடுக்குகிற பெண் கொஞ்ச காலம் முறைத்தாள். பிறகு ஒருநாள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, தானும் ஒரு வெண்டைக்காயின் நுனியை முறித்துப் பார்த்தாள். நான் பார்த்தேன். சத்தம் வந்ததும் அவள் முகத்தில் ஒரு குழந்தை வந்து போனது.

அக்காவின் பிரெஞ்சில் வினைச்சொற்கள் கிடையாது. பெயர்ச்சொற்களும் இரண்டு கைகளும் உண்டு, புருவங்களும் உண்டு. அவற்றை வைத்துக்கொண்டு மூலைக்கடையான தெப்பனரிலும் பேரம் பேசுவார். அச்சடித்த விலைக்குப் பேரம் பேசுவதை மொன்றியல் அதற்கு முன் பார்த்திருக்காது. ஒரு சூயிங்கம்மாவது கூடுதலாக வாங்காமல் வெளியே வர மாட்டார். அதை என் பையில் போட்டுவிடுவார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. "மலிஞ்சது வேண்டலாம், தம்பி. ஆக்கள் பாவிச்சது வேண்டக்கூடாது."

பிறர் பயன்படுத்தியதை வாங்காமல் இருப்பது இந்த ஊரில் எளிய சட்டம் இல்லை. ஜூலை ஒன்றாம் தேதி மொன்றியலே வீடு மாறும். வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அதற்கு முந்தைய நாள் முடியும். வேண்டாததை எல்லாம் நடைபாதையில் வைத்துவிட்டுப் போவார்கள், வைத்தது எடுத்தவருக்குச் சொந்தம். சோபா, சட்டி, பாதி தீர்ந்த மாவுப் பை, பிரிக்காத தேயிலைப் பெட்டி, எல்லாம் வெயிலில் வரிசையாக நிற்கும். என் புத்தக அலமாரி அப்படி வந்தது. நாற்காலியும் அப்படித்தான். அக்கா என் அறை வாசலிலேயே நின்றுவிடுவார்.

"உதுக்குள்ளை வந்தால் பத்துப் பேற்றை வீட்டுக்குள்ளை நிக்கிற மாதிரிக் கிடக்கு."

இப்படிப்பட்டவர் வாங்கிய பானை அது. சும்மா பானை இல்லை. பக்கத்து வட்டாரமான வில்லரேயில் மூன்றடுக்கு வீடு ஒன்றின் நடு வீட்டை அக்கா வாங்கியிருந்தார். வந்த புதிதில் ஷபனெல் தெருவில் தையல் வேலை, பிறகு ஒரு கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளுக்குச் சமையல், நடுவில் கணவரின் மறைவு, மகன் விதுர்சனின் படிப்பு. இத்தனையையும் நிலவறை வாடகை வீடுகளிலேயே நடத்தி முடித்தவர். முதல் சொந்த வீடு. அதில் முதல் பால் புதுப் பானையில் பொங்க வேண்டும்.

அதற்காக வைகாசி முழுவதும் நகரத்துப் பானைகளை எல்லாம் விரல் முட்டியால் தட்டினார். தட்டிவிட்டுக் காதைக் கொடுப்பார். "இது இருமுது." "இதுக்குக் கைபிடி ஆடுது." "இது நல்லாத்தான் கிடக்கு, ஆனால் மூஞ்சி சரியில்லை." கடைசியில் ஒன்று கோயில் மணி மாதிரி ஒலித்தது. அக்கா கண்ணை மூடினார். நான் பையை விரித்தேன்.

பிரச்சினை பஞ்சாங்கத்தில் வந்தது. முந்தைய குடித்தனக்காரர் ஜூன் கடைசியில்தான் காலி செய்வார். ஜூலை ஒன்று ஆனி மாதம். ஆனியில் வீடு குடிபுகக் கூடாது என்று ஐயரிடம் அக்காவே எடுத்துச் சொன்னார்.

"பிள்ளை, இஞ்சை ஆனியை விட்டால் ஆருக்கும் வீடு கிடையாது" என்றார் ஐயர் தொலைபேசியில். "நானே போன வருசம் ஆனியிலைதான் மாறினனான். ஆனால் நேரம் தப்பக்கூடாது. மத்தியானம் பன்னிரண்டுக்குள்ளை பால் பொங்கிப்போடோணும்."

ஐயருக்கே ஆனி என்றதும் அக்கா தெளிந்தார். ஆனால் அந்தப் பன்னிரண்டு அவர் மனதில் ஆணியாக இறங்கிவிட்டது.

ஜூலை ஒன்றாம் தேதி காலை நாங்கள் முதலில் போய்விட்டோம். அக்கா, அவருடைய நாத்தனார் யோகராணி, நான். விதுர்சன் அடுப்பையும் மற்ற சாமான்களையும் வாடகை லாரியில் ஏற்றிக்கொண்டு பின்னால் வருவதாக ஏற்பாடு. இங்கே அடுப்பு வீட்டோடு வராது, குடி வருகிறவர்தான் கொண்டுவர வேண்டும். அடுப்பு பொருத்தியதும் நிறைகுடமும் விளக்கும் பாலும் முதலில் உள்ளே போகும், பிறகுதான் மனிதர்கள். அதுவரை அவை வெளியே காத்திருக்க வேண்டும். ஆகவே வளைந்து ஏறும் இரும்புப் படியின் அடியில் அக்கா ஒரு ஸ்டூலைப் போட்டு மஞ்சள் துணி விரித்தார். மாவிலையும் தேங்காயும் பூவும் வைத்த குடம், குத்துவிளக்கு, உப்புப் பொட்டலம், ஒரு பால் பை, நடுவில் பானை. வெயில் பானையில் விழுந்து எதிர்வீட்டுச் சுவரில் ஒரு வட்டமாக ஆடியது.

தெரு முழுக்க லாரிகள். விதுர்சனுக்கு உள்ளே வர வழியில்லை. அக்கா அவனுக்குக் கைகாட்ட மூலைக்கு ஓடினார், நானும் பின்னால் போனேன். "ராணி, பாத்துக்கொள்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

திரும்பி வந்தபோது படியடியில் ஒன்றுமே இல்லை. ஸ்டூல்கூட இல்லை. யோகராணி தெருவுக்கு எதிர்ப்பக்கம், யாரோ வைத்துவிட்டுப் போன ஓர் உயரமான நிலை விளக்கின் பக்கத்தில் நின்று, அதன் குடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராணி, சாமான் எங்கை?"

"அங்கைதான்..." யோகராணி திரும்பிப் பார்த்தார். "இப்ப இருந்தது மச்சாள்."

"நீ அங்கை என்ன செய்யிறாய்?"

"சும்மா பாத்தனான். நல்ல விளக்கு. பல்ப்பும் இருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜூலை ஒன்றாம் தேதி, மொன்றியல் நடைபாதையில், அழகாக அடுக்கி வைத்த சாமான்கள். இந்த ஊர் எதைச் செய்யுமோ அதைத்தான் செய்திருந்தது. அக்காவுக்கும் அதே நொடியில் உறைத்திருக்க வேண்டும். ஸ்டூல் இருந்த இடத்தைச் செருப்பு நுனியால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். 

பிறகு கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தம்பி, பையை எடு."

கனடா தினம், விடுமுறை. பெரிய கடைகள் எல்லாம் பூட்டு. தெப்பனர் மட்டும் திறந்திருந்தது. பாலும் உப்பும் கிடைத்தன. பானை கேட்டதற்குக் கடைக்காரர் உள்ளே போய், தான் நூடுல்ஸ் வேகவைக்கும் சட்டியைக் கழுவி எடுத்து வந்தார். அவ்வளவு நல்ல மனுசன். அக்கா மரியாதைக்கு ஒருமுறை தட்டிப் பார்த்து, மெர்சி என்று நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு மட்டும் பேரம் பேசவில்லை. கடைக்காரர் பயந்துபோய்த் தானாகவே ஒரு சூயிங்கம் வைத்தார்.

"மச்சாள், என்ரை வீட்டிலை பானை இருக்கு" என்றார் யோகராணி, மூச்சு வாங்க ஓடிவந்தபடி.

"உன்ரை பானையிலை நீ கணவாய்க் கறி காய்ச்சினனீ."

"அது போன கிழமை."

ஜோன்-தலோன் சந்தைக்கு ஓடினோம். ஸ்ட்ராபெரிகளும் பூக்களும் கூவிக்கொண்டிருந்தன. மேப்பிள் பாகு விற்கிறவர் அலங்காரத்துக்குத் தொங்கவிட்டிருந்த தகர வாளியை அக்கா தட்டினார். "புதுசு" என்று கண் விரிந்தது. பிறகு விரலை உள்ளே விட்டார். விரல் பக்கவாட்டு ஓட்டை வழியாக வெளியே வந்து எங்களைப் பார்த்து ஆடியது. யோகராணி சிரிக்க, அக்கா முறைக்க, எனக்கும் அடக்க முடியவில்லை, வாளிக்காரரும் சேர்ந்துகொண்டார். கடைசியில் அக்காவும் தோள் குலுங்கச் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்தார். 

சந்தையை ஒட்டிய பாத்திரக் கடை பூட்டியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால், வைகாசியில் அவர் தட்டித் தள்ளிய பானைகள் வரிசையாக நின்றன. அக்கா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"அந்தக் கைபிடி ஆடுறதுகூட இப்ப வடிவாத்தான் இருக்கு, என்ன தம்பி?"

"ஆமாங்கா."

"மூஞ்சி சரியில்லை எண்டனே. பாவம். அதுக்கென்ன குறை."

வெறுங்கையோடு திரும்பினோம். அக்கா வேகத்தைக் குறைத்துவிட்டார், அது இன்னும் பயமாக இருந்தது. வாசலில் லாரி நின்றது, ஆனால் அதன் முன்னால் இன்னொரு லாரி குறுக்கே கிடந்தது. விதுர்சன் ஜன்னல் வழியே, "அம்மா, அடுப்பை இறக்க ஏலாது, டூ மினிட்ஸ்" என்றான். அவன் சொன்ன அந்த டூ மினிட்ஸ் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.

"பேந்தென்ன" என்று அக்கா இரும்புப் படியில் உட்கார்ந்துவிட்டார். "சொந்த வீடு எண்டு ஒண்டு எனக்கு எழுதேல்லைப் போல."

நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அண்ணாந்தேன். அப்போது மேலேயிருந்து ஒரு மணம் இறங்கி வந்தது. தீய்ந்த பால்.

"அக்கா, மோந்து பாருங்க."

அக்காவின் மூக்கு விடைத்தது. நாங்கள் மூன்று பேரும் அந்த வளைந்த படியில் ஒருவர் முதுகில் ஒருவர் இடித்துக்கொண்டு ஏறினோம். மேலே பால்கனியில் இரண்டு கதவுகள். ஒன்று அக்காவுடையது. இன்னொன்று, மேல் வீட்டுக்கு ஏறும் உள்படிக்கு. அது திறந்தே கிடந்தது. அதிலும் ஏறினோம், படி முடிந்த இடத்தில் சமையலறை. வாசலில் எங்கள் ஸ்டூல், அதன்மேல் எங்கள் நிறைகுடம், விளக்கு. அடுப்பில் எங்கள் பானை. பால் விளிம்பைத் தாண்டி வழிந்து அடுப்பெல்லாம் வெள்ளையும் பழுப்புமாக ஓடியிருந்தது. ஓர் இளம்பெண் கையில் துணியோடு பதறிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சாமான் தூக்க வந்த நண்பர்கள் இரண்டு பேர் தரையில் உட்கார்ந்து காப்பிக்காகக் காத்திருந்தார்கள்.

பெயர் மரியோன். அன்றுதான் வாடகைக்கு வந்தவள், அடுப்பைப் பழைய குடித்தனக்காரர் விட்டுப் போயிருந்தார். படியடியில் பூவும் இலையுமாக அத்தனை அழகாக வைத்திருந்ததைப் பார்த்ததும், கட்டடத்தில் யாரோ தன்னை வரவேற்க வைத்த பரிசு என்று நினைத்துவிட்டாளாம். அவள் பிரெஞ்சில் வேகமாகச் சொன்னதை நான் தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னேன். சொல்லச் சொல்ல மரியோனின் முகம் ஸ்ட்ராபெரி நிறமானது. பானையை இறக்கி இரண்டு கையாலும் நீட்டினாள்.

அக்கா வாங்கிக்கொள்ளவில்லை. அடுப்புக்கு அருகே போய்க் குனிந்து, பால் எந்தப் பக்கம் வழிந்திருக்கிறது என்று பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார்.

"ராணி, கிழக்கு."

"ஓம் மச்சாள், கிழக்குத்தான்."

"ஆனால் உவளின்ரை வீட்டிலையெல்லே பொங்கிப்போட்டுது."

"கூரை ஒண்டுதானே. அவளின்ரை நிலம்தானே உங்கடை முகடு."

அக்கா யோசித்தார். கடிகாரம் பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. பிறகு கடையில் நிற்கிற மாதிரி நிமிர்ந்தார். எனக்கு உயிர் வந்தது.

"மதாம்" என்றார். பானையைக் காட்டித் தன் மார்பைத் தொட்டார். பாலைக் காட்டித் தன்னைத் தொட்டார். அடுப்பைக் காட்டி அவளைத் தொட்டார். இரண்டு கைகளையும் சேர்த்தார். மரியோன் வேகமாகத் தலையாட்டினாள். உலகத்திலேயே சுருக்கமான பேரம் அது.

மீதியிருந்த பாலை அக்கா மரியோன் நீட்டிய கிண்ணத்தில் ஊற்றிவிட்டுப் பானையைக் கழுவினார். முட்டியால் தட்டினார். மணி ஒலித்தது.

"பாலைத் தவிர வேறை ஒண்டும் காய்ச்சேல்லை. அப்ப புதுசுதான்."

"அக்கா" என்றேன். எப்படி வந்ததென்று தெரியவில்லை. "நடைபாதையிலேர்ந்து ஒருத்தி எடுத்துப் பாவிச்ச பானைதானே இப்போ?"

யோகராணி வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவ்வளவு நாளும் கதைக்காமல் இருந்தனீ. இண்டைக்கே கதைக்கோணும்?"

தெப்பனர் பால் பானைக்குள் இறங்கியது. எல்லோரும் சுற்றி நின்றோம். முதலில் ஓரத்தில் சின்னக் குமிழ்கள். பிறகு நடுவில் ஒரு மேடு. மேடு தூங்குகிறவரின் வயிறு மாதிரி ஏறியது. மரியோன் அடுப்பை அணைக்கப் பாய்ந்தாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"விடு பிள்ளை. வழியட்டும்."

மரியோனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது, ஆனாலும் கையைத் தளர்த்தினாள். பால் விளிம்பில் ஒரு நொடி தயங்கிப் பிறகு வழிந்தது. அடுப்பு சீறியது. யோகராணி கையெடுத்துக் கும்பிட்டார். தரையில் இருந்த நண்பர்கள் ஏன் என்று தெரியாமலே கைதட்டினார்கள். அக்கா பிடித்த மணிக்கட்டை விடவே இல்லை.

அப்படியே ஊர்வலமாக இறங்கினோம். முன்னால் நிறைகுடத்தோடு அக்கா. அடுத்து விளக்கோடு யோகராணி, சூடான பானையைத் துணியால் பிடித்தபடி மரியோன், உப்போடு நான். பால்கனியில் பக்கத்துக் கதவைத் திறந்து, வலது காலை வைத்து, அக்கா தன் வீட்டுக்குள் போனார். காலி அறையில் அவர் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினார். வெயிலிலும் கழற்றாத கோட்டு குடை மாதிரி விரிந்தது.

"கிண்ணத்திலை விட்ட பாலுக்குச் சீனி போட்டு எல்லாருக்கும் குடு ராணி. இவளுக்குக் கூடக் குடு. இவளின்ரை வீட்டுக்கும் சேத்துத்தான் பொங்கினது. சனிக்கிழமை கடைக்கும் கூட்டிக்கொண்டு போகோணும், பாவம், ஒரு சட்டியும் இல்லைப் போல."

 திரும்பிப் பார்த்தோம். யோகராணி எப்போது இறங்கினார், எப்போது ஏறினார் என்று தெரியவில்லை. எதிர்ப்பக்கத்து நிலை விளக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"உதை வெளியிலை வை" என்றார் அக்கா.

"மூலைக்கு நல்லாயிருக்கும் மச்சாள். பல்ப்பும் இருக்கு."

"ஆரோ பாவிச்சது."

"பானையும் தானே."

அக்கா என்னைப் பார்த்தார். நான் உப்புப் பொட்டலத்தைப் பார்த்தேன். அவர் மெல்ல வாசலுக்குப் போய், சுற்றுமுற்றும் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அந்த விளக்கின் தண்டில் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிக் காதைக் கொடுத்தார்.