குழந்தை குடிப்பதை உட்கார்ந்து பார்த்த டாக்டர்

டாக்டர் யோகேஸ்வரி போன செவ்வாய்க்கிழமை காலையில் இறந்துபோனார். பிரிக்பீல்ட்ஸில் தம் வீட்டில் பசியாறிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. நான் காப்பாரில் லோரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். அவருடைய கிளினிக்கில் தாதியாக இருக்கும் மிஸ்ஸி கூப்பிட்டு, "அண்ணே, டாக்டர் போயிட்டாங்க" என்றார். "எங்க போயிட்டாங்க?" என்று கேட்டேன். சாகக்கூடியவர் என்று அவரை நான் நினைத்ததே இல்லை.

கிள்ளானில் எனக்குக் குழந்தைத் துணிக்கடை. மேல்மாடியில் அவருடைய கிளினிக். கட்டடம் என்னுடையது, அவர் வாடகைக்கு இருந்தார். இனி கிளினிக்கை மூடிவிடுவார்கள் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. எதற்காக மூட வேண்டும்? அவர் யார் என்று சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

யாழ்ப்பாணத்துக் குடும்பம். மூன்று தலைமுறையாக இந்த நாட்டில் இருந்தும் பேச்சு மாறவில்லை. கிளினிக் திறந்த புதிதில் ஒருநாள் படியிறங்கி என் கடைக்கு வந்தார். கையில் கம்பளித் தொப்பி, கையுறை, காலுறை. என் கடையில் நன்றாக ஓடிய சரக்கு. வாடிக்கையாளர்கள் பார்க்க மேசையில் போட்டார்.

"ஏன் தம்பி, கிள்ளானில பனி பெய்யுதோ?"

"பிள்ளை பெத்த வூட்டுல கேட்டு வாங்குறாங்க டாக்டர். காத்து பட்டுரும்னு பயம்."

"காத்துப் படாமல் பிள்ளை என்னத்தை மூச்சு விடும்?"

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம். "நீங்க ஊசி போடுங்க டாக்டர், நான் தொப்பி விக்கிறேன்" என்றேன்.

"வித்துக்கொள்ளுங்கோ. பால் குடுக்கேக்க கழட்டச் சொல்லி வித்துக்கொள்ளுங்கோ."

பிறகு நின்று நிதானமாக விளக்கினார். போத்தலை உறிஞ்சுவது சிறு குழந்தைக்கு ஓட்டம் ஓடுவது போன்ற வேலை. பெரியவர்களின் கைச்சூடு வேறு தலையில் ஏறும். தலைதான் அதிகம் வேர்க்கும். பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை; தொப்பியைக் கழற்றி, ஃபேனைப் போட்டால் சரியாகிவிடும். கேட்டுக்கொண்டேன். மெல்லிய பருத்தித் தொப்பியும் வாங்கி அடுக்கினேன். இரண்டும் விற்றது.

அதன் பிறகு என் மகள் தர்ஷினி பிறந்தாள். போத்தலை வாயில் வைத்தால் தலை நனைந்துவிடும். என் மாமியாருக்கு அதில் பெருமை. "வேர்க்க வேர்க்கக் குடிச்சாத்தான் பால் ஒடம்புல ஒட்டும்" என்பார். எனக்கும் கவலையில்லை. வேர்ப்பது சகஜம் என்று டாக்டரே சொல்லிவிட்டாரே. என் மனைவி செல்வி மட்டும் ஒப்பவில்லை. "ஃபேன் ஓடுது, தலையில துணி இல்ல, அப்புறம் எதுக்கு வேர்க்குது?" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். நானும் பின்னால் போனேன்.

டாக்டர் நாடி பார்க்கவில்லை. "போத்தல் இருக்கோ? குடுங்கோ, பாப்பம்" என்று ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அதுதான் அவர் வேலை செய்யும் முறை. பால் குடிப்பதில் குறை என்று வந்தால், குழந்தை குடித்து முடிக்கும்வரை எதிரில் இருந்து பார்ப்பார். வெளியே கூட்டம் முணுமுணுக்கும். அன்றும் ஒருவர் கதவைத் திறந்து, "டாக்டர், உள்ள என்னா படம் ஓடுதா?" என்றார்.

"ஓம், முக்கியமான கட்டம். கதவைச் சாத்துங்கோ."

தர்ஷினி கொஞ்சம் உறிஞ்சினாள். விட்டாள். வேகமாக மூச்சு வாங்கினாள். மறுபடி கொஞ்சம். பாதிப் போத்தலில் களைத்துத் தூங்கிப்போனாள். நெற்றி வேர்வையைத் தொட்ட டாக்டர் விலா எலும்பைப் பார்த்தார், எடை போட்டார், நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"உங்கட மனுசி சொன்னதுதான் சரி. இது சூட்டு வேர்வை இல்லை. குடிக்கிறதே இந்தப் பிள்ளைக்குக் களைப்பு. எடையும் ஏறேல்லை. இதயத்தைப் பாக்கோணும். இண்டைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கோ."

செய்தி கேட்டு மாமியார் மாடிக்கே வந்துவிட்டார். "நல்லா இருக்குற புள்ளைக்கு நோவு சொல்றீங்களா?"

"நான் பிழையெண்டால் வந்து நாலு பேருக்கு முன்னால ஏசுங்கோ அம்மா. இப்ப வழியை விடுங்கோ."

ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள்: இதயத்தில் ஓட்டை. மருந்து, பிறகு ஆபரேஷன். மாமியார் ஏச வரவில்லை. தெருவில் யார் வீட்டுக் குழந்தை வேர்த்தாலும் மாடிக்கு இழுத்து வர ஆரம்பித்தார். அதில் முக்கால்வாசியை டாக்டர் ஃபேன் போடச் சொல்லித் திருப்பி அனுப்பினார்.

துக்க வீட்டில் ஒருவர் என்னிடம் சொன்னார்: "நல்லவங்கதான், ஆனா ரொம்ப லேட் பண்ணுவாங்க லா."

"ஆமா, லேட்டுதான். எம் பொண்ணு அந்த லேட்டுல பொழச்சவ" என்றேன்.

ரவாங்கில் தொழிற்சாலையில் எஞ்சினியராக இருக்கும் தர்ஷினி வேலை உடுப்போடு வந்து சேர்ந்தாள். சவப்பெட்டியை எடுக்கும்போது ஒரு முனையில் போய் நின்றாள். "பொம்பளப் புள்ள தூக்கக் கூடாதும்மா" என்றார் ஒரு பெரியவர். "என் நெஞ்சு தாங்கும் அங்கிள்" என்று தோள் கொடுத்தாள். வாசல்வரை அல்ல, வண்டிவரை தூக்கினாள்.

வண்டி கிளம்புமுன்பே பக்கத்தில் ஓர் ஆள். பல ஊர்களில் கிளினிக் நடத்தும் கூட்டத்தைச் சேர்ந்தவர். "பாஸ், மாடி சும்மாத்தானே கிடக்கப் போவுது? இப்ப வர்ற வாடகைக்கு டபுள் தர்றோம்."

"ஒரு கொழந்தைய எவ்ளோ நேரம் பாப்பீங்க?"

"அதெல்லாம் ஃபாஸ்ட்டா முடிச்சிருவோம் பாஸ்."

"அப்ப வேணாம்."

நான் தர்மம் செய்கிறவன் அல்ல. எதற்கு என்ன விலை என்று தெரிந்தவன், அவ்வளவுதான்.

ஆன்மா சாந்தியடையட்டும் என்று எழுத மாட்டேன். சும்மா இருப்பது அவருக்கு வராது. போய்ச் சேர்ந்த இடத்திலும் யாரையாவது உட்காரவைத்து ஏசிக்கொண்டிருங்கள் டாக்டர். இங்கே நாங்கள் மூடவில்லை.

அவரோடு வேலை பார்த்த இளம் டாக்டர் கவிதாவை நேற்றுக் கடைக்கு வரச்சொன்னேன். "அங்கிள், அவங்க மாதிரி என்னால முடியுமான்னு தெரியல" என்றார். "அவங்க மாதிரி ஏச வேணாம்மா, ஒக்காந்து பாத்தா போதும்" என்றேன். பேசி முடித்தோம். பழைய வாடகைதான், மூன்று வருடத்துக்கு ஏற்றமில்லை, முன்பணம் வேண்டாம். என் பக்கத்தில் ஒரே நிபந்தனை: குடிக்கும்போது வேர்க்கிறது என்று கொண்டுவரும் எந்தக் குழந்தையையும், குடிக்கவைத்துப் பார்க்காமல் அனுப்பக் கூடாது.