கடத்தூரில் ஒரு பாட்டுத் தேர்வு

காலை பதினொன்றேகாலுக்குப் பொம்மிடியில் ரயிலை விட்டு இறங்கினேன். பல்கலைக்கழகத்தில் இசை கற்பிக்கிறேன். பாடுபவர்களின் குரலை மறைக்காமல் துணையாகப் பியானோ வாசிப்பது என் தொழில். சுவரொட்டியில் என் பெயர் எப்போதும் இரண்டாவதாக, சின்ன எழுத்தில்தான் இருக்கும்.

என் மாணவி யாஸ்மினுக்கு அன்று மூன்று மணிக்கு முதுகலைப் பாட்டு இறுதித் தேர்வு. அப்பாவுக்குக் கால் முறிந்ததால், கடத்தூரில் கடையையும் அவரையும் விட்டு அவளால் நகர முடியவில்லை. காணொளியில் பாடலாம், ஆனால் பியானோ உடனிருந்து ஒலிக்க வேண்டும் என்றது தேர்வுக் குழு. தவறினால் ஒரு வருடம் வீண். சும்மா விடுவேனா? சென்னையிலிருந்து கிளம்பிவிட்டேன்.

“கடத்தூருக்கு முந்நூறு ஆகுமுங்க” என்றார் ஆட்டோக்காரர். “பாட்டு டீச்சருங்கறீங்க, ஆர்மோனியப் பொட்டி எங்கீங்க?”

“அங்கயே இருக்கு. தூக்க நாலு ஆள் வேணும்.”

பன்னிரண்டு மணி. தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் யாஸ்மின் அன்றைக்கு மட்டும் கேட்டு வைத்திருந்த பழைய பியானோ. ஒரு கட்டையை அழுத்தியதுமே தெரிந்துவிட்டது. மொத்தப் பியானோவும் சுருதியில் அரைச் சுரம் இறங்கிக் கிடந்தது.

“நான் எறக்கிப் பாடிடட்டுங்களா மேடம்?” என்றாள் யாஸ்மின்.

“வேணாம். கடைசி வரி உனக்குக் கீழ எட்டாது. நான் ஏத்தி வாசிக்கறேன்.”

சொல்வது சுலபம். தாளில் இருக்கும் ஒவ்வொரு சுரத்துக்கும் வலப்பக்கத்து அடுத்த கட்டையை அழுத்த வேண்டும், பதினோரு பக்கத்துக்கும். விரல்களுக்கு இருபது வருடப் பழக்கம், கேட்பேனா என்றன. சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்று மணி வரை அவற்றோடு மல்லுக்கட்டினேன்.

மூன்று மணி. ஊன்றுகோலோடு அவள் அப்பா வந்து ஓரமாக உட்கார்ந்தார். யாஸ்மின் பாடினாள். இரண்டாம் பாட்டில் பதற்றத்தில் நான்கு வரிகளை அப்படியே தாண்டிவிட்டாள். அவள் மூச்செடுத்த விதத்திலேயே தெரிந்தது. நானும் கூடவே தாண்டினேன். மடிக்கணினித் திரையில் தேர்வுக் குழுவில் யாருடைய முகமும் மாறவில்லை. கடைசியில் குழுத் தலைவி “தேர்ச்சி” என்றார். யாஸ்மின் என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

ஐந்து மணிக்குக் கிளம்பும்போது அவள் அப்பா சங்கடத்தோடு சொன்னார்: “இவ்ளோ தூரம் வந்தீங்க மேடம். எங்க புள்ள கொரலுதாங்க கேட்டுச்சு. நீங்க வாசிச்சதே தெரியலீங்களே.”

ஒரு கணம் சுருக்கென்றது. அப்புறம் பொம்மிடி வரை ஆட்டோவில் சிரித்துக்கொண்டே வந்தேன். என் வாசிப்பைப் பற்றி இதைவிட நல்ல வார்த்தையைச் சென்னையில் ஒருவரும் சொன்னதில்லை.