பதினோராவது டீ

இன்று காலை மயிலம் சாலையில் செயின் அறுந்த பைக்கோடு ஒருவர் நின்றிருந்தார். குரூப்பாகக் கிளம்பியதில் கடைசி வண்டி அவருடையது. முன்னால் போன பத்துப் பேரில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. போனும் எடுக்கவில்லையாம்.

என் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். திண்டிவனம் டீக்கடையில் பத்துப் பேரும் இருந்தார்கள். லீடர் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்: "நம்ம குரூப்ல ஒருத்தரையும் விட்டுட்டுப் போக மாட்டோம்!"

பேசி முடித்துவிட்டு இவரைப் பார்த்தார்.

"பாத்ரூம் போயிருந்தியா மச்சி?"

டீ மாஸ்டர் ஆறிப்போன கிளாஸை நீட்டினார். "பதினோரு டீ சொன்னாங்க. பத்துப் பேருதான் குடிச்சாங்க. இன்னொரு ஆளு எங்கன்னு கேட்டுக்கினே இருக்கேன், வீடியோ ஓடுது, பேசாதீங்கன்றாங்க."

அடுத்த முறை மாஸ்டரையே லீடராகக் கூட்டிப் போங்கள். அவருக்காவது எண்ணத் தெரிகிறது.

உங்கள் குரூப்பில் எண்ணத் தெரிந்தவர் யார்?